நாற்பத்திரண்டாவது கட்டம்

மதியம் தூங்குகிறவர்கள் முழுதாகத் தூங்கிவிட வேண்டும். பாதியில் எழுந்து வந்தால் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்க்க நேரும். சென்ற வாரம் டெய்லரம்மாவுக்கு நேர்ந்தது அதுதான்.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். ஏழு மாதத்துக்கு முன்புவரை நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர். அவர் கைக்குக் கீழே பயிற்சித் துணியில் சுழி சுழியாக, ஒன்றோடொன்று முட்டாமல், அளவு மாறாமல் தையல் விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டு, தூங்கியது போல நடித்தாள். ஏன் என்பதைச் சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மருமகளின் அம்மா, அதாவது சம்பந்தி, மகள் சின்ன வயதில் போட்ட கவுன்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அவற்றைச் சாண் அளவுக் கட்டங்களாக வெட்டி, நாற்பத்திரண்டு கட்டங்களை இணைத்து, ஒரு போர்வைக்கு மேல்துணி தயார் செய்தாள். அதன் கீழே பஞ்சு விரிப்பு. அதற்கும் கீழே ஒரே துணியாக அடித்துணி. மூன்றும் நகராமல் இருக்க, மேலே முழுக்கச் சுழி சுழியாகத் தைக்க வேண்டும். "முப்பது வருஷமா மெஷின்ல உக்காந்திருக்கீங்க அண்ணி, நீங்களே போட்டுக் குடுங்க" என்று அவள் கேட்க, டெய்லரம்மா, "இதென்ன பிரமாதம், ஒரு வாரத்துல முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த ஒரு வாரம் இரண்டு மாதமாயிற்று. வழக்கமான தையலில் ஊசிக்குக் கீழே இருக்கிற இரும்புப் பல் துணியை இழுத்துக்கொண்டு போகும். தைப்பவர் வழி காட்டினால் போதும். சுழித் தையலுக்கு அந்தப் பல்லைக் கீழே இறக்கிவிட வேண்டும். அப்புறம் துணியை இழுக்க ஆளில்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எல்லாவற்றையும் கைதான் நகர்த்த வேண்டும். முப்பது வருடம் பல்லை நம்பியே வாழ்ந்த கை திடீரென்று தனியாகப் போ என்றால் எங்கே போகும்? அவள் போட்ட சுழிகள் கோணிக்கொண்டன. ஓரிடத்தில் தையல் எறும்பு வரிசையாக நெருங்கியது, அடுத்த இடத்தில் விரல் அகலத்துக்குத் தாவியது. 'நேர்கோட்டு டெய்லர்' என்று நாலு தெருவில் பேர் வாங்கியவள், வளைவில் தோற்றுப் போனாள்.

ஆனால் கூடையில் சேர்ந்த பயிற்சித் துணிகளில் போகப் போக நல்ல சுழிகளும் தென்பட ஆரம்பித்தன. 'நேத்து நான் போட்டதா இது? பரவாயில்லையே!' என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். அந்தத் தைரியத்தில்தான் சம்பந்திக்குப் போன் போட்டு, "வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க அண்ணி, போர்வை ரெடியா இருக்கும்" என்றாள்.

அந்த நல்ல சுழிகள் அத்தனையும் டிரைவர் போட்டவை. அது தெரிந்தபோது போன் பண்ணி முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

இன்று வியாழக்கிழமை.

* * *

காலை ஏழரை மணிக்கு முன்னறையில் மருமகள் நின்றிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கையில் இரண்டாக மடித்த ஒரு காகிதம். மூன்று நாளாக அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். அத்தையிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கணவனுக்குப் போனில் சொல்லியாயிற்று. அவன், "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்று கடலுக்கு நடுவில் பத்திரமாக ஒதுங்கிக்கொண்டான்.

பெரிய மேஜையில் போர்வை விரித்திருந்தது. மூன்று அடுக்கும் சேர்த்து, நெடுக ஊக்கு மாட்டியிருந்தது. ஓரங்கள் மட்டும் இன்னும் மூடாமல் திறந்து கிடந்தன.

காகிதத்தைக் கடைசியாக ஒரு தரம் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. மருமகள் பதறிப்போனாள். கைப்பை நாற்காலியில் எட்டாத தூரத்தில் இருந்தது. சட்டென்று காகிதத்தைப் போர்வையின் மூலையில், பஞ்சுக்கும் அடித்துணிக்கும் நடுவே செருகிவிட்டாள்.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" டெய்லரம்மா டீயோடு வந்தாள்.

"பஞ்சு நகர்ந்திருக்கான்னு பாத்தேன் அத்தை."

"நகராது. நூத்தி இருபது ஊக்கு மாட்டியிருக்கேன். போ, நேரமாச்சு."

மருமகள் மூலையை ஒரு பார்வை பார்த்தாள். மதியம் சாப்பிட வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். இந்த வீட்டில் எல்லோருக்குமே மதியத்தின்மேல் அபார நம்பிக்கை.

* * *

டிரைவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தபோது மணி ஒன்பது.

"உக்காருங்க" என்றாள் டெய்லரம்மா.

"இப்பதானே எந்திரிச்சேன். எங்க உக்காரணும்?"

"மெஷின்ல."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முப்பத்தைந்து வருடம் சிக்னலைத் தாண்டாதவர், தாண்டிப் பிடிபட்டதுபோல் நின்றார்.

"நானா? எனக்கென்னம்மா தெரியும்..."

"நடிக்காதீங்க. போன வாரம் பாத்துட்டேன்."

"அது... சும்மா. பொழுது போகலை. பழைய துணிதானேன்னு..."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம் இருக்கும்."

"நான் தூங்கற நேரம் பாத்தா?"

"நீ முழிச்சிருக்கறப்ப அந்த மெஷினைத் தொட முடியுமா? கல்யாணமான புதுசுல ஒரு பட்டன் தைக்கறேன்னு அந்த டிராயரைத் திறந்தேன். நீ பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அதற்குமேல் சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"எனக்கு வரலைங்க" என்றாள். "ரெண்டு மாசமாப் பாத்துட்டேன். வரலை. அவங்க பொண்ணு போட்ட கவுன் ஒவ்வொண்ணையும் வெட்டிக் குடுத்திருக்காங்க. இதுல ஒண்ணு கிழிஞ்சாலும் வேற துணி கிடையாது. நாலு மணிக்கு வந்து நிப்பாங்க. நீங்க போடுங்க."

முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து 'எனக்கு வரலை' என்று ஒரு சொல் வந்ததில்லை. டிரைவருக்கு மனைவியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. அதை அவர் மறைக்க முயன்றார், முடியவில்லை.

"போடறேன். ஆனா ஒரு கண்டிஷன். நான் போட்டேன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. டிப்போல தெரிஞ்சுது, என் மானம் கப்பலேறிடும். நீ போட்டதாவே இருக்கட்டும்."

"சரி" என்றாள் டெய்லரம்மா. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். ஆனால் கொஞ்சம்தான்.

* * *

டிரைவர் நேரே ஒரு மூலையைத் தூக்கி ஊசிக்கடியில் வைத்தார்.

"அய்யய்யோ, மூலையில ஆரம்பிச்சா நடுவுல துணி புடைச்சுக்கும். நடுக் கட்டத்துல தொடங்கி வெளிய வரணும். சுருக்கம் எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே போயிடும்."

"சரிம்மா, சரி."

வீட்டு மெஷினின் கழுத்துக்கடியில் இருக்கிற இடம் கொஞ்சம். போர்வையோ ஒரு ஆள் நீளம். இரண்டு பக்கமும் பாய்போல் சுருட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, நடுக் கட்டம் மட்டும் தெரியும்படி டெய்லரம்மா உள்ளே நுழைத்தாள். மஞ்சள் கட்டம், வெள்ளைப் புள்ளி போட்டது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கையை இரண்டு பக்கமும் வைத்தார். காலை அழுத்தினார்.

மெஷின் இருமியது. நாலு தையலில் அடியில் ஏதோ மொத்தமாகத் திரண்டு, ஊசி நின்றுபோனது.

போர்வையைத் திருப்பிப் பார்த்தால், கீழே நூல் கற்றையாகச் சிக்கிக் கிடந்தது.

"போச்சு! கவுனைக் கெடுத்துட்டேன்!" அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். "நான் சொல்லலை? என்னால ஆகாதும்மா. அவங்களுக்குப் போன் போடு."

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். ஒரே பார்வைதான். "ஃபுட்டைத் தூக்கி இறக்கற லிவரை இறக்கலை."

"இறக்கினேனே. ஃபுட்டு துணிமேலதானே இருக்கு?"

"இது ஸ்பிரிங் ஃபுட்டுங்க. துணியை அமுக்காம குதிச்சுக்கிட்டே இருக்கும். லிவரை இறக்கினாலும் இறக்காட்டியும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி நிக்கும். இத்தனை நாள் பழகறப்ப லிவர் எப்பவும் கீழயே இருந்துச்சு. இன்னிக்குப் போர்வையை நுழைக்கறதுக்கு நான் தூக்கினேன். தூக்கினா மேல்நூலுக்குப் பிடிப்பே இருக்காது. மொத்தமா கீழ போய் விழும்." அவள் தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். "கியர் போடாம வண்டி எடுத்திருக்கீங்க."

"என் சர்வீஸ்ல நான் அப்படிப் பண்ணினதே இல்லை."

"வண்டி உங்களுது. மெஷின் என்னுது."

நூல் நூலாக எடுத்தாள். மஞ்சள் துணியில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. ஊசி பட்ட ஓட்டைகளை நகத்தால் தேய்த்துவிட்டாள், அவையும் மூடிக்கொண்டன. டிரைவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் ஐந்து பிறவி எடுத்தாலும் செய்ய முடியாது.

லிவரை இறக்கினாள். "போலாம் ரைட்!" என்றாள்.

அதற்குப் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. மஞ்சள் முடிந்து நீலம், நீலம் முடிந்து பூப்போட்டது, அது முடிந்து செர்ரிப் பழம் அச்சடித்தது. டிரைவரின் கை வளைந்து வளைந்து போக, பின்னாலேயே சுழிகள் விழுந்தன. டெய்லரம்மா பக்கத்தில் நின்று போர்வையின் கனம் ஊசியை இழுக்காமல் தாங்கினாள், ஊக்குகளைக் கழற்றினாள், அடிநூல் பாபின் தீரும் முன்னே சத்தத்திலேயே கண்டுபிடித்து மாற்றினாள். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்வது இதுதான் முதல் தடவை. காலையில் அவர் பஸ்ஸுக்குப் போனால் அவள் மெஷினுக்குப் போவாள், அப்படியே ஓடிவிட்டது. இப்போது தோளோடு தோள் இடிக்க நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

* * *

ஒரு மணிக்கு மருமகள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா!"

"கதவைச் சாத்தும்மா முதல்ல" என்றார் டிரைவர், தலையைத் திருப்பாமல்.

"மாமா, நீங்களா இதெல்லாம்? அத்தை, அப்ப நீங்க..."

"நான் கண்டக்டர்" என்றாள் டெய்லரம்மா. "உங்கம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. சாப்பாடு மேஜைமேல இருக்கு."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காகிதம் வைத்த மூலையைத் தேடினாள். அது சுருளுக்குள் எங்கேயோ போயிருந்தது. சுருளோ டிரைவரின் வலது அக்குளுக்கடியில் இருந்தது.

"அத்தை, அந்தச் சுருளைக் கொஞ்சம் பிரிச்சா..."

"எதுக்கு?"

"இல்ல, சும்மா. கடைசி மூலை எப்படி இருக்குன்னு..."

"இப்பப் பிரிச்சா மறுபடி சுத்தறதுக்குள்ள அரை மணி ஓடிடும். அது கடைசியிலதான் வரும். சாயங்காலம் வந்து பாரு."

கடைசியில்தான் வரும். மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும், ஓடி வந்தால் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாள். நேரே கேட்டிருந்தால் அரை மணியோடு போயிருக்கும்.

* * *

இரண்டரை மணிக்கு நாற்பத்தோராவது கட்டம் முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. மூலைக் கட்டம், இளம்பச்சை.

டிரைவர் காலை எடுத்தார். எழுந்து நின்று முதுகை நெளித்தார். "இது உனக்கு" என்றார்.

"விளையாடாதீங்க. மணி என்ன ஆச்சு பாத்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. சம்பந்திகிட்ட நீ போட்டேன்னு சொல்லப் போற. ஒண்ணாவது நிஜமா இருக்க வேண்டாமா?"

உட்கார்ந்தாள்.

"நீ தைக்கறப்ப எங்க பாப்ப?" என்று கேட்டார் அவர்.

"ஊசியைத்தான். வேற எங்க பாப்பாங்க?"

"அதான் சங்கதி. நான் ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே ஓட்டினா பஸ் எங்க போயிருக்கும்? போகப் போற இடத்தைப் பாரு. ஒரு விரக்கடை முன்னால. கை தானா அங்க போகும், ஊசி பின்னால வரும். அப்புறம் காலு. வளைவு வந்தா நீ பயந்து காலை எடுத்துடற. கை போகுது, ஊசி நின்னுடுது, தையல் தாவுது. காலு ஒரே வேகத்துல இருக்கட்டும். கை மட்டும் நிதானமா வளையட்டும்."

"இதை அஞ்சு வாரமா என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

காலை அழுத்தினாள். முதல் சுழி கோணியது. இரண்டாவது, முதல் சுழியை முட்டியது. "முன்னால பாரு" என்றார் அவர், மெதுவாக. ஊசியிலிருந்து கண்ணைப் பிய்த்து எடுத்து, பச்சைத் துணியில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பயமாக இருந்தது. கை நகர்ந்தது. ஊசி கூடவே வந்தது. ஒரு சுழி, அதன் வயிற்றிலிருந்து இன்னொரு சுழி, அங்கிருந்து திரும்பி ஒரு வளைவு.

"வருதுங்க!"

"பேசாத. ஓட்டு."

கட்டத்தின் வெளியோரத்துக்கு வந்தபோது மெஷினின் சத்தம் மாறியது. துணியில் இறங்குகிற சத்தமில்லை. பொட் பொட் என்று எதையோ துளைக்கிற சத்தம். முப்பது வருடம் பழகிய காதுக்கு அது தெரியாமலா போகும்? தெரிந்தது. வேறு யாராவது தைத்துக்கொண்டிருந்தால் 'நிறுத்து' என்று கத்தியிருப்பாள். ஆனால் கை ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு மாதமாக ஏங்கியது இப்போதுதான் வந்திருந்தது. நிறுத்தினால் மறுபடி வராமல் போய்விடுமோ என்று பயந்தாள். ஓரத்தில் மடிப்பு கனமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓட்டிவிட்டாள்.

நூலை வெட்டினாள். நாற்பத்திரண்டாவது கட்டம் முடிந்தது. தொடங்கிய இடம் கோணல், நடுவில் சுமார், கடைசி விரலளவு அருமை. டெய்லரம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வயதில் புதிதாக ஒன்று கைக்கு வந்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீ போடறேன்" என்றார் டிரைவர்.

* * *

சம்பந்தி சரியாக நாலு மணிக்கு வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் அதிகமாகிப்போய், மருமகளும் அம்மாவோடு சேர்ந்து அதே நேரத்துக்குத்தான் வர முடிந்தது. மேஜையில் போர்வை முழுதாக விரித்திருந்தது. ஓரப் பட்டி தைப்பது மட்டும்தான் பாக்கி. மருமகளின் கண் முதலில் மூலைக்குப் போனது. பச்சைக் கட்டம் முழுக்கச் சுழி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுக் கட்டத்தில் ஆரம்பித்தாள். "இது மூணாவது பிறந்தநாளுக்கு எடுத்தது. இது ஸ்கூல்ல முதல் நாள். ஏண்டி, இதைப் போட்டுக்கிட்டு மரத்துல ஏறிக் கிழிச்சது ஞாபகம் இருக்கா?" விரலால் ஒவ்வொரு சுழியாகத் தடவிக்கொண்டே வந்தாள். "அண்ணி, என்னமா போட்டிருக்கீங்க! ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இல்லாம, அச்சடிச்ச மாதிரி இருக்கு. இந்தக் கைக்கு வளையல் பண்ணிப் போடணும்."

"ம்" என்றாள் டெய்லரம்மா. டிரைவர் மூலையில் உட்கார்ந்து செய்தித்தாளில் ஒரே பக்கத்தைப் பத்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். விரல் நின்றது.

"இது மட்டும் வேற கை."

டிரைவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"புரிஞ்சுது!" என்று சிரித்தாள் சம்பந்தி. "அண்ணா ஆசையாக் கேட்டிருப்பாரு. போனாப் போகுதுன்னு ஒரு கட்டம் குடுத்திருக்கீங்க. இல்ல?"

டெய்லரம்மாவுக்கு முகம் சுட்டது. அவள் வாயைத் திறக்கும் முன் டிரைவர் செய்தித்தாளை இறக்கினார்.

"ஆமாம்மா. நான்தான். சும்மா ஒண்ணு போட்டுப் பாத்தேன். கெடுத்துட்டேன்."

ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது என்ற மனுஷன்! மனைவி தலைகுனியக் கூடாது என்பதற்காகத் தான் மெஷினில் உட்கார்ந்ததையும் ஒப்புக்கொண்டு, அந்தக் கோணலையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். டெய்லரம்மா அவரைப் பார்த்தாள். இனிமேலும் சும்மா இருந்தால் அவள் மனுஷியே இல்லை.

"பொய் சொல்றாரு அண்ணி" என்றாள். "மத்த நாப்பத்தொண்ணும்தான் அவரு போட்டது. இந்த ஒண்ணு மட்டும் நான்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். டிரைவரைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பாடா! உங்களுக்கும் வரலையா அண்ணி? ஆறு மாசம் நான் கத்துப் பாத்தேன். பீரோ நிறையக் கோணல் துணி. வராமத்தான் உங்ககிட்ட தள்ளிவிட்டேன். நீங்க 'ஒரு வாரம்'னு சொன்னப்ப எனக்கு வந்த வயித்தெரிச்சல் இருக்கே! ரெண்டு மாசமா நல்லாத் தூங்கலை."

"அடிப்பாவி!" என்று டெய்லரம்மாவும் சிரித்துவிட்டாள். சம்பந்தியை அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை எங்க தையல் குழுவுக்கு நீங்க வரணும். பதினோரு பேர் இருக்கோம். ஒருத்தருக்கும் வரலை."

"நானா? அய்யோ, டிப்போல தெரிஞ்சா..."

"தெரியட்டுமே! பதினொண்ணுல ரெண்டு பேர் உங்க டிப்போக்காரங்க பொண்டாட்டிங்கதான்."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தி மூலைக் கட்டத்தை அன்பாகத் தட்டிக் கொடுத்தாள். "இந்த ஒண்ணைத்தான் நான் நடுக்கூடத்துல எல்லாருக்கும் காட்டப் போறேன்."

மொறமொறவென்று சத்தம் கேட்டது.

"என்ன இது, உள்ள பேப்பர் மாதிரி?" மறுபடி தட்டினாள். மறுபடி மொறமொற.

டெய்லரம்மாவுக்கு அந்தப் பொட் பொட் சத்தம் ஞாபகம் வந்தது. ஓரத்தில் அடித்துணியை விலக்கிப் பார்த்தாள். வெள்ளைக் காகிதத்தின் விளிம்பு தெரிந்தது, ஏதோ ஒரு வெளியூர் ஆஸ்பத்திரி முத்திரையின் பாதி தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக அவள் போட்ட சுழிகள் அதைப் போர்வையோடு போர்வையாகப் பிடித்து வைத்திருந்தன.

"அது என்னுது, அத்தை" என்றாள் மருமகள். "காலையில நீங்க வந்ததும்... கைக்கு எட்டின இடத்துல வச்சுட்டேன்."

"இழுத்துப் பாக்கலாமா?" என்றார் டிரைவர்.

"கிழிஞ்சுடும் மாமா. அது ஒண்ணுதான் இருக்கு. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

"என்னடி காயிதம்? எனக்கே தெரியாம?" என்று சம்பந்தி எழுந்தாள்.

டெய்லரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். டிராயரைத் திறந்து, தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றார் டிரைவர். "ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு நீ போட்டது இது ஒண்ணுதான். வேற வழி யோசிப்போம்."

"போனாப் போகுது. சாயங்காலம் மறுபடி போட்டுக்கறேன். எனக்குத்தான் இப்ப வருதே."

சொல்லிவிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொக்கியின் முனையைக் கடைசிச் சுழிக்கு, அந்த அருமையான சுழிக்கு, அடியில் நுழைத்தாள். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு கேக்கலை. நீயே சொல்லுவ. இது ஒண்ணு மட்டும் சொல்லு. எனக்கு இது சந்தோஷமா, வருத்தமா?"

மருமகளின் கண் நிறைந்திருந்தது. ஆனால் உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"ரெண்டும், அத்தை."

"அப்படின்னா மெதுவாத்தான் பிரிக்கணும்" என்ற டெய்லரம்மா, முதல் தையலை அறுத்தாள்.